பரணிலிருந்து இறக்குங்கள்: விலையில்லா மடிக்கணினி வாங்கிய தலைமுறைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

2011-இல் தொடங்கி அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில், அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படித்து, விலையில்லா மடிக்கணினி வாங்கியவர்கள் நீங்கள். இன்று உங்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்விட்டீர்கள். பலருக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் அந்த லேப்டாப் எங்கேயும் போகவில்லை. பரணிலோ, பீரோவுக்கு மேலேயோ, கட்டிலுக்கு அடியிலோ, அன்றைக்குக் கொடுத்த அதே பையில், சார்ஜர் ஒயர் சுற்றியபடி கிடக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

பழைய லேப்டாப்புகளைப் பிரித்து, துடைத்து, மறுபடி ஓடவைப்பதில் எனக்குத் தீராத ஆசை. உலகம் முழுக்க இந்த ஆசை உள்ளவர்கள் இருக்கிறார்கள். 2011-இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்220, டி420 போன்ற மாடல்களை, அவற்றின் ஏழு வரிசை விசைப்பலகைக்காகவே இன்றும் காசு கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள். ஹார்ட் டிஸ்கை மாற்றி, ரேம் கூட்டி, லினக்ஸ் போட்டு, தினசரி வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதே 2011-இல்தான் உங்கள் திட்டமும் தொடங்கியது. அதே வயதுக் கருவியை அங்கே ஒருவர் தேடி வாங்குகிறார். இங்கே நீங்கள் ‘செத்துப்போச்சு’ என்று பரணில் ஏற்றிவிட்டீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் பணத்தால் வந்தது அல்ல. அதைத் திறந்து பார்க்கலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் வந்தது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் அதே நாளில்தான் தொடங்கியது. அந்த மிக்சி நின்றுபோனபோது உங்கள் அம்மா என்ன செய்தார்? தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோய்க் கார்பன் மாற்றி வாங்கிவந்தார். மின்விசிறி சுற்றாதபோது அப்பா கண்டென்சர் வாங்கிப் போட்டார். நின்ற பொருளைப் பழுதுபார்த்து ஓட்டுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. லேப்டாப்புக்கு மட்டும் அந்த வழக்கம் வராமல் போனது. மூடியில் அரசு முத்திரையோடு வந்த அந்தக் கருவியை ஸ்க்ரூ டிரைவரால் தொட உங்களுக்குப் பயமாக இருந்தது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் யாரிடம் போவது என்றும் தெரியவில்லை.

கொடுத்தவர்கள் மேலும் எனக்கு மனக்குறை உண்டு. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு வழங்கப்பட்ட திட்டம் இது. வேறெந்த மாநிலமும் வியந்து பார்க்கத்தக்க அளவு. எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று மேடைதோறும் சொன்னார்கள். கொடுத்தவற்றில் எத்தனை இன்னும் ஓடுகின்றன என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பழுதுநீக்கும் மையம், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு வகுப்பு என்று ஏற்பாடு செய்திருந்தால், இந்த மடலை எழுதும் தேவையே வந்திருக்காது. அந்த ஏற்பாடு வரவில்லை. ஆனால் அதற்காக உங்கள் கையில் உள்ள கருவியும் வீணாக வேண்டுமா?

‘சர்வீஸ் கடையில் கேட்டேன், போர்டு போச்சு, ஆறாயிரம் ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்னு சொல்லிட்டாங்க’ என்று உங்களில் பலர் சொல்வீர்கள். போர்டு உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, பரணில் கிடக்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்த நோய் அதைவிட மிகச் சிறியது. அந்தச் சிறு நோய்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் லேப்டாப் கடைசியாக என்ன செய்தது என்பதை நினைவில் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா? ரேம் அட்டையின் பித்தளை நிறப் பற்களில் அழுக்கு ஏறியிருக்கலாம். அடிப்பக்க மூடியைத் திறந்து, ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மறுபடி சொருகினால் திரை வந்துவிடும் லேப்டாப்புகள் ஏராளம். கடைக்காரர்கள் தினமும் செய்யும் வேலைதான் இது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பத்து நிமிடத்தில் கொதித்துத் தானாக அணைந்துவிடுகிறதா? விசிறிக்கும் அதன் எதிரில் உள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். சிப்புக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் நடுவே பூசிய பசை காய்ந்து பொடியாகியிருக்கும். தூசியை எடுத்து, பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அந்தப் பசைக்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது.

தொடங்கும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறதா? இணையத்தைத் திறந்தால் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று ஒவ்வொரு பக்கமும் எச்சரிக்கிறதா? நெட் வேலை செய்யவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்க முடியாது. அதனால்தான் அந்த எச்சரிக்கை. பெரும்பாலான மாடல்களில் இருப்பது சிஆர்2032. கடிகாரக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறதா? லித்தியம் பேட்டரியை வருடக்கணக்கில் தொடாமல் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, ஒரு எல்லைக்குக் கீழே போனதும் மறுபடி சார்ஜ் ஏற்றவிடாமல் அதன் பாதுகாப்புச் சுற்று தடுத்துவிடும். அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் பேட்டரியைத் தனியே கழற்றலாம். கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜரிலேயே நேராக ஓட்டிப் பாருங்கள். ஓடினால், உங்கள் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருள். ஒரே ஒரு எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தாலோ, அதன் மேல் உள்ள பகுதி வளைந்து தூக்கியிருந்தாலோ, அதைக் குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். தீப்பற்றும். மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லை, ஆன் ஆகிறது, ஆனால் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் உங்கள் புகார் என்றால், தயவுசெய்து இன்னும் கவனமாகக் கேளுங்கள். அதிகம் பேர் கைவிட்டது இந்தக் காரணத்தால்தான். அதிக எளிதாகத் தீரக்கூடியதும் இதுவே.

ஆரம்ப ஆண்டுகளில் உங்களுக்கு வந்த கருவிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தது. மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் 7 வரிசையில் மிகக் குறைந்த வசதிகளோடு விற்ற பதிப்பு அது. பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. 32 பிட்டில் மட்டுமே வரும். அதன் ஆதரவும் 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. பிறகு யாரோ விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். 2 ஜிபி ரேமில் அது மூச்சுவிடத் திணறியிருக்கும். அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 உங்கள் கருவியை வாசலிலேயே நிறுத்திவிடும்; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வந்த செயலியும் இருந்தால்தான் அதற்குள் நுழையலாம். இதையெல்லாம் பார்த்துவிட்டு, கருவிதான் கிழடாகிவிட்டது என்று முடிவு செய்தீர்கள். ஒரு நிறுவனம் தன் மென்பொருளுக்கு விதித்த ஆயுளை, உங்கள் இயந்திரத்தின் ஆயுள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

அந்தக் காலத்து பென்டியம், ஏஎம்டி செயலிகள் 64 பிட்டில் ஓடக்கூடியவை. மேலே ஏற்றியிருந்த விண்டோஸ்தான் 32 பிட். அதனால் இன்றைக்கும் புதிதாக வரும், பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் லினக்ஸ்களை அவற்றில் நிறுவலாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 2 ஜிபி ரேம் இருந்தால் போதும்; 4 ஜிபி இருந்தால் சுகமாக ஓடும். இன்னும் இளைத்த கருவி என்றால் ஆன்டிஎக்ஸ் இருக்கிறது. 512 எம்பி ரேம் உள்ள பழைய கணினியிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டது அது. எல்லாம் இலவசம். ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிடலாம். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

லினக்ஸ் என்றதும் அந்நியமாகத் தோன்றுகிறதா? உங்கள் லேப்டாப்பில் முதல் நாளிலேயே அது இருந்தது. விண்டோஸோடு கூடவே ‘பாஸ்’ என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. அந்த வேலையில் சி-டாக்கின் சென்னை மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் காட்டவில்லை. படம் பார்க்க இடம் போதவில்லை என்று கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு, ஒரே விண்டோஸாக ‘ஃபார்மட்’ போட்டு வாங்கினோம். இப்போது நான் சொல்வது புதிய பாதை இல்லை. அன்றைக்குத் திறந்துவிட்டும் நாம் போகாமல் விட்ட பாதைதான்.

இதோடு இன்னொன்றும் செய்தால் உங்கள் கருவி ஆளே மாறிவிடும். உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதே அளவில், அதே இணைப்பில் பொருந்தும் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடுங்கள். மெதுவாக இருப்பது செயலியால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நேரம் செயலி சும்மா காத்திருக்கிறது. சுழலும் தட்டிலிருந்து தகவல் வந்து சேர்வதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. முடிந்தால் ரேமையும் 4 ஜிபி ஆக்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவிலும், உங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள கணினிக் கடைகளிலும் பழைய டிடிஆர்3 ரேம் கிடைக்கும். வாங்குமுன் உங்கள் ரேம் அட்டையையே கையில் கொண்டுபோங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு உண்டு. பின்னதை மட்டுமே ஏற்கும் போர்டில் முன்னதைப் போட்டால் ஓடாது.

உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்தாலும், அந்த லேப்டாப் இன்றைய புதுக் கருவிக்கு ஈடாகாது. பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்களை ஒருசேரத் திறந்தால் திணறும். வீடியோ எடிட்டிங் செய்ய முடியாது. புதிய விளையாட்டுகள் ஓடாது. ஆனால் எழுதும், கணக்குப் போடும், பாடம் காட்டும், தட்டச்சு பழக்கும், நிரல் எழுதக் கற்றுத்தரும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி செய்ய வேண்டிய வேலைகள் இவைதாமே?

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1-இல். இடைப்பட்ட காலத்தில், அப்பாவின் ஒரே செல்போனை அண்ணன் தங்கைகள் பங்குபோட்டுக்கொண்டு பாடம் கேட்டார்கள். அப்பா வேலைக்குப் போகும்போது போனும் போய்விட்டது. அதோடு பாடமும் போய்விட்டது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது; ஆனால் அது பேசும், நாம் கேட்கலாம், அவ்வளவுதான். அதே நேரத்தில், அதே தெருக்களில், உங்கள் வீட்டுப் பரண்களில், ஒரு ரப்பர் துடைப்புக்கும் ஒரு பென் டிரைவுக்கும் காத்துக்கொண்டு லட்சக்கணக்கான லேப்டாப்புகள் கிடந்தன. என் மனத்தை இன்றுவரை அறுக்கும் சேதி இதுதான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்படியொரு காலம் மறுபடி வந்தால், மறுபடியும் அப்படி நடக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

கொரோனா போய்விட்டது, தேவை போகவில்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை சி++ எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே லினக்ஸும் வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் தட்ட மற்றவர் பார்க்கும் நிலை பல இடங்களில் உண்டு. வீட்டுக்கு வந்தால் செல்போன். பைத்தானைச் செல்போன் திரையில் விரலால் தட்டிப் பழகச் சொல்வது, நீச்சலைக் கரையில் நிற்கவைத்துக் கற்றுக்கொடுப்பதுதான். உங்கள் பழைய லேப்டாப்பில் பைத்தான் தாராளமாக ஓடும். லினக்ஸில் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

அரசுத் தட்டச்சர் வேலைக்கு முயலும் உங்கள் தங்கையோ அண்ணியோ, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணினி ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்குத் தயாராக வேண்டுமா? மையத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரம் போதவில்லையா? லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உண்டு. லிப்ரே ஆபீஸ் உண்டு. வீட்டில் இணையம் இல்லையா? கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை நெட் இல்லாமலே படிக்கலாம். பாடநூல்களின் பிடிஎஃப் எல்லாம் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயிண்ட், ஜிகாம்ப்ரிஸ், வானத்தைப் பார்க்க ஸ்டெல்லேரியம், வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. ஒரு பைசா செலவில்லை.

‘இப்போதுதான் அரசு மறுபடி புதிதாகக் கொடுக்கிறதே, பழையது எதற்கு’ என்று கேட்கலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் அது கல்லூரிக்குப் போனவர்களுக்கு. எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமில்லை. கணினியைத் தொட்டுப் பழக வேண்டிய வயதோ அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பழையதைப் பேணும் பழக்கம் நம்மிடம் வராவிட்டால், இன்று புதிதாக வாங்குபவர்களின் லேப்டாப்பும் ஐந்தாறு ஆண்டில் உங்களுடையதற்குப் பக்கத்திலேயே பரணில் ஏறும். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய மூத்த தலைமுறை நீங்கள்.

காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது என்று ஐ.நா. அமைப்புகளின் கணக்கு சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். மற்றவற்றில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாததல்ல. செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் போடுகிறார்கள். அந்தப் புகையையும் ஈயத்தையும் சுவாசிப்பது, கையுறைகூட இல்லாமல் அங்கே வேலை செய்யும் ஏழைகள். ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமிலக் கணக்கில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே செலவாகிவிடுகிறது. அந்த விலையை உலகம் ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டது. இனி நீங்கள் அதை ஓட்டும் ஒவ்வொரு ஆண்டும் லாபக் கணக்கு. உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாத கருவி என்றால், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்களுக்கும் இந்தப் பொறுப்பை விதித்திருக்கின்றன.

உங்களில் சிலரிடம் தனித்தனியாகவும் பேச வேண்டும்.

அந்த லேப்டாப்பில் முதல் நிரலை எழுதி, இன்று சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ மென்பொருள் வேலை பார்ப்பவர்களே, நீங்கள் கற்றுக்கொள்ளக் கிடைத்த கருவி மக்களின் வரிப்பணத்தில் வந்தது. விற்றுக் காசாக்குவதற்காகக் கொடுத்ததல்ல அது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒரு பென் டிரைவில் லினக்ஸ் எடுத்துப் போங்கள். உங்கள் லேப்டாப்பை மட்டும் சரிசெய்துவிட்டு வராதீர்கள். உங்களோடு படித்தவர்கள் வீட்டில் கிடப்பதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நான்கு செத்த லேப்டாப்புகள் சேர்ந்தால், ஒன்றின் திரையையும் இன்னொன்றின் விசைப்பலகையையும் எடுத்துப் போட்டு இரண்டையாவது எழுப்பிவிடலாம். ஒரே ஆண்டில் படித்தவர்களுக்கு ஒரே மாடல் வந்தது உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி. உதிரிப் பாகம் தேடி அலையும் ஆர்வலர்கள் யாருக்கும் அப்படியொரு வாய்ப்பு கிடையாது.

ஆசிரியர்களாகி, நீங்கள் படித்த அதே பள்ளிகளில் பாடம் நடத்துபவர்களே, ஒரு சனிக்கிழமை மதியம் மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு லேப்டாப்பைப் பிரித்துக் காட்டுங்கள். ரேம் இது, விசிறி இது, சேமிப்பு இது என்று கையில் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்குப் புத்தகத்தின் ஒரு பாடம் முழுவதும் அங்கேயே புரிந்துவிடும். ஊர் முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் பிரிப்பதற்குப் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சம் இருக்காது.

வீட்டில் இருக்கும் தங்கைகளே, இது ஆண்பிள்ளைகள் வேலை என்று தயவுசெய்து ஒதுங்காதீர்கள். தையல் இயந்திரத்தின் பாபின் சிக்கலைப் பிரித்த கைகளுக்கு இந்த ஸ்க்ரூக்கள் பெரிதில்லை. அந்த லேப்டாப் உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்டது. கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டுப் பரணிலேயே அதை விட்டுவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். அடுத்த முறை போகும்போது கேட்டு எடுத்துவாருங்கள். உங்கள் பிள்ளைக்கு முதல் தட்டச்சுப் பாடத்தை நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

கணினிப் பழுது கடை வைத்திருப்பவர்களே, உங்களிலும் இதே லேப்டாப்பை வாங்கியவர்கள் இருப்பீர்கள். வருபவரிடம் ‘புதுசு வாங்கிக்கங்க’ என்று சொல்லுமுன், எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் எவ்வளவு ஆகும் என்று ஒரு விலையும் சொல்லுங்கள். உங்களுக்கும் அது தொழில்தான்.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் துணைக்கு ஆள் இருக்கிறார்கள். சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கூடி வருகிறது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே படிக்கக் கணியம் இணையதளம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். பழைய கருவியோடு வருபவரைப் பார்த்தால் அவர்களுக்கு வரும் உற்சாகத்தை நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைப் பரணிலிருந்து இறக்குங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சார்ஜரில் போட்டு ஆன் செய்யுங்கள். ஓடினால், உள்ளே இருக்கும் பிளஸ் டூ பிரிவுபசாரப் படங்களையும் உங்கள் சான்றிதழ் நகல்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திக்கொண்டு, முழுவதையும் அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவுங்கள். ஓடாவிட்டால், மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். அல்லது செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சரியானதும் மறுபடி பைக்குள் போடாதீர்கள். உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் மேசையில் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் தெருவில் கணினி இல்லாத ஒரு வீட்டைக் கண்டுபிடியுங்கள்; வெகுதூரம் நடக்க வேண்டியிருக்காது. அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, எப்படித் திறப்பது, எப்படித் துடைப்பது, கெட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் ஊர் நூலகத்துக்கும் நீங்கள் படித்த பள்ளிக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

உங்களுக்குப் பதினேழு பதினெட்டு வயதில், உங்கள் வீட்டில் முதல்முறையாக ஒரு கணினி வந்தது. நீங்கள் எதுவும் கொடுக்காமல் வந்தது. இன்னொரு வீட்டில் முதல்முறையாக ஒரு கணினி வர, இப்போது நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள்.

அன்போடும் நம்பிக்கையோடும்,
பழைய லேப்டாப்புகளை நேசிக்கும் உங்களில் ஒருவன்